வலது கால் பெருவிரல்

"அய்யோ... அம்மா!"

வள்ளிக்கண்ணு போட்ட கூச்சலில் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐப்பசி மழை அடித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிய பஸ் காவிரிப் பாலத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. உள்ளே ஈரக் குடைகள், பூக்கூடைகள், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்ற கூட்டம். டிரைவர் சட்டென்று பிரேக் போட, எதிரே நின்ற இளைஞன் தடுமாறி ஒரு காலை முன்னால் வைத்தான். வைத்த இடம் அவளுடைய வலது கால். பெருவிரலுக்குப் பக்கத்தில், எந்த இடத்தில் யார் கை பட்டாலும் அவளுக்கு உயிர் போகுமோ, சரியாக அந்த இடம்!

கண்ணில் நீர் முட்டியது. கோபம் அதைவிட வேகமாக முட்டியது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? அடுத்தவங்க காலை மிதிக்கறதுக்குன்னே பஸ் ஏறுறீங்களா?"

"மன்னிச்சிருங்க... பிரேக் போட்டாரு..."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து, அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸுகள் போடும் வெள்ளை ஷூ. முன்புறம் கூம்பியது.

"நான் மிதிச்சதுல இவ்வளவு வலிக்காதுங்க. இது ஏற்கெனவே வலிக்கிற காலு. ஷூ உங்களுக்குச் சின்னது."

"என்னது?"

"நீளம் சரியா இருக்கு. அகலம் பத்தலை. அஞ்சு விரல் போற எடத்துல மூணு விரலுக்குத்தான் எடம் விட்டிருக்காங்க. பாவம், மீதி ரெண்டு எங்க போகும்?"

பக்கத்தில் நின்ற பூக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வள்ளிக்கண்ணுக்குக் காது மடல் சுட்டது.

"மிதிக்கறதையும் மிதிச்சுட்டு வைத்தியம் வேற சொல்றீங்களா?"

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். கழுவிவைத்த புளியங்கொட்டை மாதிரி மினுங்கும் கண்கள்... அந்தக் கண்களில் சிரிப்பும் இருந்தது, உண்மையான வருத்தமும் இருந்தது. எதை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வைத்தியம் இல்லீங்க, தொழில். மெயின்கார்டு கேட் பக்கத்துல ஷூ கடையில தைக்கிறேன். பேரு பாக்கியநாதன். ஒருநாள் வாங்க, உங்க காலுக்கு அளவெடுத்து ஒண்ணு செஞ்சு தரேன். மிதிச்ச பாவத்துக்குப் பரிகாரம்."

"நான் ஒண்ணும் வரமாட்டேன்!"

மூன்றாம் நாள் போனாள்.

போகாமல் என்ன செய்வாள்? இருபத்தைந்து வயது. தொட்டியத்தில் வாழைத் தோட்டத்துக் குடும்பம். அப்பா போன பிறகு அண்ணன் பிச்சைமுத்துதான் எல்லாம். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி, ஸ்ரீரங்கத்தில் வீடு. "பொட்டப்புள்ள நர்ஸ் வேலைக்கா?" என்று ஊரே கேட்டபோது, "என் தங்கச்சி படிச்சிருக்கா, போவா" என்று ஒற்றை ஆளாக நின்றவர். அந்த நன்றியும் பயமும் சேர்ந்து, அவர் எதிரே அவள் குரல் எப்போதும் பாதிதான் எழும்பும்.

நாலு வருஷமாக வார்டில் எட்டு மணி நேர நிற்பு. வலது கால் பெருவிரல் மெல்ல மெல்ல இரண்டாம் விரலின் மேல் சாய்ந்துவிட்டது. விரலின் அடி மூட்டு நெல்லிக்காய் அளவுக்கு வெளியே புடைத்துச் சிவந்திருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்ததாம். வீட்டில் அந்தக் காலைப் புடவைக் கரைக்குள் இழுத்துக்கொள்வாள். எத்தனையோ எலும்புகளின் பெயரைப் படித்துப் பரீட்சை எழுதியவள், தன் காலை மட்டும் யாரிடமும் காட்டியதில்லை.

பாக்கியநாதன் தரையில் பழுப்புக் காகிதத்தை விரித்தான்.

"இதுமேல ஏறி நில்லுங்க சிஸ்டர். முழுப் பாரத்தையும் குடுத்து நில்லுங்க. உக்காந்தா கால் பொய் சொல்லும்."

பென்சில் அவள் காலைச் சுற்றி ஊர்ந்தது. புடைப்பு வந்த இடத்தில் மெதுவாக, தொடாமல், வளைந்து போனது.

"எலும்பு வளந்துருச்சு... இல்லே?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"வளரலீங்க, சாஞ்சிருச்சு. விரல் உள்பக்கம் போகப் போக, மூட்டு வெளிப்பக்கம் வருது. சில குடும்பத்துல பொறப்புலயே மூட்டு இளக்கமா இருக்கும். அதுல கொண்டுபோய் இந்தக் கூம்பு ஷூவைத் திணிச்சா வேற என்ன ஆகும்?"

"இதெல்லாம் எங்கே படிச்சீங்க?"

"படிக்கலீங்க. டாக்டருங்க அனுப்புற காலெல்லாம் எங்கிட்டதான் வருது. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"அப்போ இது... பழையபடி ஆகுமா?"

அவன் பென்சிலைக் காதில் செருகினான். "ஆகாதுங்க. பொய் சொல்லி ஷூ விக்கமாட்டேன். ஆனா வலி நிக்கும். மேல மேல சாயறதும் குறையலாம். முன்பக்கம் அகலமா, புடைப்பு வர்ற எடத்துல மெத்துனு தோல் வெச்சுத் தரேன். ரெண்டு விரலுக்கு நடுவுல பஞ்சை உருட்டி வெச்சுக்கங்க. டூட்டி முடிஞ்சதும் வெந்நீர்ல உப்புப் போட்டுக் காலை வைங்க. பத்து நாள் கழிச்சு வாங்க சிஸ்டர்."

"வார்த்தைக்கு வார்த்தை சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிடாதீங்க."

"ஆஸ்பத்திரியில எல்லாரும் அப்படித்தானே..."

"அவங்க எல்லாம் நோயாளிங்க."

"பின்னே நான் எப்படிக் கூப்பிடறது?"

"பேர்னு ஒண்ணு இருக்கு எனக்கு!"

சொல்லிவிட்டு ஓடியே போனாள். கடை வாசலைத் தாண்டிய பிறகுதான் அந்தப் பேரைச் சொல்லவே இல்லை என்பது நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தாள். மழைத் தாரைக்கு அந்தப் பக்கம் அவன் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்...

புது ஷூ வந்தது. முதல் நாள் டூட்டி முடிந்து ஷூவைக் கழற்றியபோது கால் சிவக்கவில்லை. நாலு வருஷத்துக்குப் பிறகு, ஒரு பகல் முழுக்கத் தன் கால் நினைவே வராமல் இருந்திருக்கிறாள்! உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"கால் சரியாயிருச்சு. தலைதான் கொஞ்சம் சரியில்லே போலிருக்கு" என்று உடன் வேலை பார்த்த நஜீமா கிண்டல் செய்தாள்.

அது உண்மைதான். ஷூ கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று ஒருநாள். கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்று இன்னொரு நாள். லேஸ் சரியில்லை என்று ஒருநாள்... லேஸே இல்லாத ஷூவுக்கு!

"வள்ளிக்கண்ணு" என்று அவன் முதன்முதலில் கூப்பிட்டது ஒரு கார்த்திகை மாலையில். அவள் காலுக்கென்றே ஒரு மரக்கட்டை செதுக்கியிருந்தான். அதன் மேல் தோலை இழுத்துத்தான் ஷூ தைப்பார்களாம். அந்தக் கட்டையிலும் அதே புடைப்பு.

"இதை எதுக்குச் செதுக்கினீங்க? அசிங்கம்!"

"அதை விட்டுட்டுச் செஞ்சா அது வேற யாரோ காலுங்க. எனக்கு இந்தக் கால்தான் வேணும்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. இரண்டு பேரும் தலை குனிந்துகொண்டார்கள். வெளியே தெப்பக்குளத்தில் மழை புள்ளி புள்ளியாய் விழுந்துகொண்டிருந்தது...

தை பிறந்தது. முசிறியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை யூனியன் ஆபீசில் கிளார்க். காபி கொடுத்துவிட்டு நமஸ்காரம் செய்து எழுந்தவளின் காலையே மாப்பிள்ளையின் அம்மா பார்த்தாள்.

"கொஞ்சம் புடவையைத் தூக்கிப் புடிம்மா... இது என்ன, விரல் மேல விரல் ஏறி நிக்குது? மெட்டி எந்த வெரல்ல போடறது?"

அண்ணி காளியாயிதான் சமாளித்தாள். "அதெல்லாம் ஆபரேஷன்ல சரி பண்ணிரலாமாங்க. அவ வேலை பாக்கிற ஆஸ்பத்திரிலயே செய்றாங்களாம்."

"பண்ணிட்டுச் சொல்லி அனுப்புங்க" என்று எழுந்துவிட்டார்கள்.

அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லை. அது போதாதா? மறுநாளே டாக்டர் அமிர்தராஜிடம் காலைக் காட்டினாள் வள்ளிக்கண்ணு. அவர் அழுத்திப் பார்த்தார், நடக்கச் சொன்னார்.

"பண்ணலாம். புடைப்பைச் செதுக்கி, விரல் எலும்பின் அடியில கொஞ்சம் வெட்டி எடுக்கணும். நேராத் தெரியும். ஆனா விரல் கட்டையாயிடும், பலம் குறையலாம். உனக்கு இப்போ வலி இருக்கா?"

"இல்லே டாக்டர். ஷூ மாத்தினப்புறம் இல்லே."

"அப்புறம் எதுக்கும்மா?"

அதற்குப் பதில் இருக்கும் என்று நம்பிய இடத்துக்குப் போனாள்.

பாக்கியநாதன் கையில் இருந்த ஊசியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டான்.

"வலிக்குதுன்னா வெட்டிக்கலாம். பாக்க நல்லா இல்லேன்னு யாரோ சொன்னதுக்காக வெட்டிக்காதீங்க."

"இதை யார் சொல்றது? ஷூ தைக்கிறவரா... இல்லே..."

"யார் சொல்லணும்னு நீங்க நினைக்கிறீங்களோ அவன்தான் சொல்றான்." அவன் கண்கள் அவளை விட்டு விலகவில்லை. "ஞாயித்துக்கிழமை உங்க அண்ணனை வந்து பாக்கட்டுமா? நாங்க கிறிஸ்தவங்க, ஜாதியும் வேற. அடிச்சாலும் அடிப்பாரு. பரவால்லே, வரேன்."

சந்தோஷமா, பயமா, அவளுக்கே தெரியவில்லை.

"வேண்டாம்... நானே சொல்றேன். கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்கிறேன். ஆனா சொல்லிடணும் வள்ளிக்கண்ணு."

சொல்ல வேண்டிய வேளை நாலே நாளில் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில், வேப்ப மரத்தடி சிமெண்டு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது ஜோடி ஷூ கொண்டுவந்திருந்த பாக்கியநாதன், எதிரே ஒரு முழங்காலை ஊன்றி, பெருவிரல் இருக்கும் இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு, மண்டியிலிருந்து நேரே வந்து நின்ற அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுபோனது.

"யாரு வள்ளி இது?"

மூன்றே வார்த்தை. அண்ணன் குரலில் கோபம்கூட இல்லை, சந்தேகம்தான்.

பாக்கியநாதன் எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தான். சொல்லு... இப்போ சொல்லு... என்று அந்தக் கண்கள் கேட்டன.

"ஷூ... ஷூ தைக்கிற ஆளுண்ணே. அளவு பாக்க வந்திருக்கான். அவ்வளவுதான்."

வந்திருக்கான்! அந்த ஒரு எழுத்து நாக்கிலிருந்து விழுந்ததை அவளே கேட்டாள். பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள முடியவில்லை.

பாக்கியநாதன் நிதானமாக ஷூவின் வாரை மாட்டிவிட்டான். எழுந்து முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டான்.

"ஆமாங்க. அளவு பாக்கத்தான் வந்தேன். எங்கேயும் இடிக்கலையே... சிஸ்டர்?"

"இல்லே" என்றாள். அவன் போய்விட்டான்.

மறுநாள் ஓடினாள். அவன் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணனைப் பாத்ததும் பயந்துட்டேன்..."

"பயந்திருந்தா பரவால்லீங்க. பயப்படற மனுசியைப் பக்கத்துல நின்னு தாங்கிக்கலாம். நீங்க வெக்கப்பட்டீங்க. என்னால... நான் உங்க எதிர்ல இருக்கறதால."

"அப்படி இல்லே!"

"'வந்திருக்கான்'னு சொன்னீங்களே. அது பயத்துல வர்ற வார்த்தை இல்லீங்க. வீட்டுல பழகின வார்த்தை."

அது உண்மை. அவள் வீட்டில் அவன் மாதிரி ஆட்களை அப்படித்தான் சொல்வார்கள். உண்மை என்பதாலேயே அவளுக்குப் பொறுக்கவில்லை. கண்ணீர் வர வேண்டிய இடத்தில் வீம்பு வந்தது.

"மன்னிப்புக் கேக்க வந்தவகிட்ட இப்படித்தான் பேசுவீங்களா? எனக்கு உங்க ஷூவும் வேண்டாம், புத்திமதியும் வேண்டாம். நான் ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்!"

ஊசி ஒரு கணம் நின்றது. தடுப்பான் என்று காத்திருந்தாள்...

"உங்க காலுங்க" என்றான். ஊசி மறுபடி தோலுக்குள் இறங்கியது.

மாசி மாதம் ஆபரேஷன் நடந்தது. ஆறு வாரம் கட்டு. அண்ணியே காலைத் தாங்கிப் பிடித்து நடக்கவைத்தாள். கட்டுப் பிரித்தபோது புடைப்பு இல்லை. விரல் நேராக, கட்டையாக, கொஞ்சம் தூக்கினாற்போல் நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஊன்றி நடக்கும்போது பெருவிரல் தரையை அழுத்தவே இல்லை. அது செய்ய வேண்டிய வேலையெல்லாம் இரண்டாம் விரலின் அடியில் வந்து விழுந்து, புதிதாக ஒரு வலி கிளம்பியது. டாக்டர் முன்பே சொன்னதுதான். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முசிறிக்கு ஆள் அனுப்பினார் அண்ணன். "வெட்டுப்பட்ட காலாமே... நாங்க வேற இடம் முடிச்சுட்டோம்" என்று பதில் வந்தது. அதைக் கேட்டு வள்ளிக்கண்ணு சிரித்தாள். அண்ணி பயந்து போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வேலையில் சேர்ந்தாள். வார்டில் ஓட முடியவில்லை. சீட்டு எழுதும் மேஜையில் உட்காரவைத்தார்கள். நாள் முழுக்க யார் யாருடைய கால்களோ எதிரே நடந்து போயின... அவள் பெயர் எழுதினாள், வயது எழுதினாள்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை. அனல் காற்று. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மெயின்கார்டு கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள். கடைப் படியேறியதும் எல்லாம் மறந்துபோயிற்று.

பாக்கியநாதன் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நடையைப் பார்த்தான். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான்.

"வெட்டிக்கிட்டீங்களா..."

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குள் கட்டிவைத்திருந்ததெல்லாம் உடைந்தது.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உங்க தொழிலுக்கும் வெக்கப்பட்டேன், ஜாதிக்கும் வெக்கப்பட்டேன். நீங்க சொன்னது அத்தனையும் நிஜம். ஆனா இதுவும் நிஜம்... உங்களை நினைக்காம ஒருநாள்கூட நான் இருந்ததில்லே. இப்போ எங்கண்ணன் முன்னாடி வந்து நில்லுங்க. யாருன்னு அவர் கேட்கட்டும். சொல்றேன்."

அவன் மடியிலிருந்த தோலை எடுத்து ஓரமாக வைத்தான்.

"பாலக்கரைக் கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு வள்ளிக்கண்ணு. நாளைக்கு மூணாவது."

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை பெண் பெயரைக் கோயிலில் வாசிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரித் தோழிகள் எத்தனை பேருக்கு வாசித்திருக்கிறார்கள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு இல்லே?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட வாயை அடைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"இருக்கு. நான் போய் நிறுத்தலாம். அந்தப் பொண்ணு ரெண்டு வாரமா என் பேரைக் கேட்டுக்கிட்டுக் கோயில்ல தலை குனிஞ்சு உக்காந்திருக்கு. ஊர் முழுக்கப் பாத்துருச்சு. நாளைக்கு அது எதிர்லயே நான் இல்லேன்னு சொல்லணுமா? அது எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும்ங்க."

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எம்மேல உங்களுக்கு..."

"இருந்துச்சு. இருக்கு. இல்லேன்னு சொன்னா அது உங்களுக்கு லேசா இருக்கும், எனக்குப் பொய்யா இருக்கும். அதனாலதான் சொல்றேன், இனிமே இங்க வராதீங்க." அவன் ஒரு காகிதத்தை எடுத்து, எழுத்துக்கூட்டி எழுதுகிறவன் போல மெதுவாக எழுதினான். "அடித்தோல் கெட்டியா, வளையாம இருக்கணும். ரெண்டாம் விரலுக்குக் கீழே மெத்தை. குதிகால் உயரம் கூடாது. மேலப்புதூர்ல வேற கடை இருக்கு, நல்லாத் தைப்பாங்க. இதைக் காட்டுங்க. வலி குறையும்."

அவள் காகிதத்தை வாங்கி, நாலாய் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் அண்ணன் ஊஞ்சலில் உட்கார்ந்து ஒரு ஜாதகத்தைப் பிரித்துவைத்திருந்தார். முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

"வா வள்ளி. லால்குடி இடம். ரெண்டாம் தாரம்தான், ஆனா தங்கமான மனுசன். காலைப் பத்தி ஒண்ணும் கேக்கமாட்டாரு."

அவள் உட்காரவில்லை. கால் வலித்தது. நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணே, தை மாசம் ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தர் எனக்கு ஷூ மாட்டிவிட்டாரே, ஞாபகம் இருக்கா?"

"எவன்? அந்தச் செருப்புத் தைக்கிற..."

"அவர் பேரு பாக்கியநாதன். அவருக்கு நான்னா உசிரு. எனக்கு அவர்னா உசிரு. உங்களைப் பாத்துப் பேச வரேன்னு சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணி வாசற்படிக்கு வந்தாள். அண்ணனின் முகம் வெளுத்துச் சிவந்தது. ஊஞ்சலை விட்டு எழுந்தார்.

"என்னடி சொல்றே? அவனை இப்போ கூட்டிட்டு வரப்போறியா?"

"இல்லேண்ணே. அவருக்கு வேற இடத்துல கல்யாணம். நாளைக்குக் கடைசி ஓலை."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓங்க இருந்த கை தானாகக் கீழே இறங்கியது.

"எல்லாம் முடிஞ்சுபோச்சுங்கறே. பின்னே இதை எதுக்கு இப்போ வந்து எங்கிட்ட சொல்றே?"

வள்ளிக்கண்ணு அண்ணனை நேராகப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் எதிரே அவள் குரல் முழுசாக எழும்பியது.

"அன்னிக்கு நீங்க யாருன்னு கேட்டீங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்."